இந்த ஆளை அனுப்பினது யாரு?

கல்லாப்பெட்டி கண்டுபிடித்த நாளில் இருந்து கடைக்காரர்களுக்கு ஒரே கேள்விதான். ஒரு ஆள் உள்ளே வருகிறார், சாமான் வாங்குகிறார், போகிறார். இவரை அனுப்பினது யாரு? பேப்பரில் போட்ட விளம்பரமா, பஸ் ஸ்டாண்டில் வைத்த போர்டா, இல்லை பக்கத்து வீட்டு அம்மா சொன்னதா? தெரிந்தால் மற்றதற்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடிக்கலாம்.

பழைய வாரப் பத்திரிகைகளில் "இந்தக் கூப்பனைக் கத்தரித்து அனுப்பவும்" என்று புள்ளிக்கோடு போட்ட விளம்பரங்கள் பார்த்திருப்பீர்கள். அது சலுகைக்காக மட்டும் இல்லை, எண்ணுவதற்காகவும்தான். ஒவ்வொரு பத்திரிகைக்கும் கூப்பனில் வேறு வேறு குறி போட்டால், தபாலில் வந்து விழுவதை வைத்தே எந்தப் பத்திரிகை எத்தனை பேரை அனுப்பியது என்று சொல்லிவிடலாம். அமெரிக்காவில் கிளாட் ஹாப்கின்ஸ் என்ற விளம்பரக்காரர் 1923லேயே 'சயன்டிஃபிக் அட்வர்டைசிங்' என்று ஒரு புத்தகம் போட்டு, கூப்பனை எண்ணாமல் விளம்பரம் செய்யாதே என்று அடித்துச் சொன்னார். இந்தியாவில் 1948ல் ஏபிசி என்கிற ஆடிட் பீரோ ஆஃப் சர்குலேஷன்ஸ் வந்தது. பத்திரிகைக்காரர், விளம்பரம் கொடுப்பவர், நடுவில் இருக்கும் ஏஜென்சி மூன்று தரப்பும் அதில் உறுப்பினர்கள். பத்திரிகை எத்தனை பிரதி விற்கிறது என்று பத்திரிகைக்காரரே சொன்னால் நம்ப மாட்டோம், பொதுவான ஒருவர் எண்ணட்டும் என்ற ஏற்பாடு.

இதில் இரண்டு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, வாடிக்கையாளர் தானே கையைத் தூக்கி "நான் இந்த விளம்பரத்தைப் பார்த்து வந்தேன்" என்றார். இரண்டு, காசு வாங்குகிறவர் எண்ணவில்லை, நடுவில் இருந்தவர் எண்ணினார். மொபைல் ஆப் விளம்பரங்களை அளக்கிற மென்பொருள்களின் கதை என்பது இந்த இரண்டும் எப்படிக் காணாமல் போயின, அவற்றைத் திரும்பக் கொண்டுவர என்ன பாடு பட்டார்கள் என்பதுதான். அதில் சில முக்கியமான காட்சிகள் நடந்த ஊர் பெங்களூர்.

முதல் காட்சியில் ஸ்மார்ட்ஃபோனே இல்லை. மிஸ்டு கால்தான் இருந்தது.

மிஸ்டு காலைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஊர் விட்டு ஊர் வந்த எல்லாக் குடும்பத்திலும் அது ஒரு பாஷை. ரயில் ஏறியதும் ஒரு ரிங், வீடு போய்ச் சேர்ந்ததும் இரண்டு ரிங். ஞாயிற்றுக்கிழமை அம்மா ஒரு ரிங் விட்டால் நாம் திருப்பிக் கூப்பிட வேண்டும். நிமிஷத்துக்குக் காசு எண்ணிய காலத்தில், எடுக்காத ஃபோனுக்குக் காசு இல்லை என்பதைக் கண்டுபிடித்து ஒரு தந்தி ஆபீஸையே நடத்தியவர்கள் நாம்.

இதை வைத்து 2010ல் பெங்களூரில் ஜிப்டயல் என்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அமெரிக்காவில் இருந்து இங்கே பிழைக்க வந்த (ஆமாம், எதிர்த் திசையில்!) வலேரி வேகனர், சஞ்சய் சுவாமி, அமியா பதக் ஆகியோர் சேர்ந்து ஆரம்பித்தது. யோசனை ரொம்ப எளிது. விளம்பரத்தில் ஒரு நம்பர் போடு. பார்ப்பவர் அதற்கு மிஸ்டு கால் கொடுக்கட்டும். ரிங் போய் தானாகவே கட் ஆகிவிடும், பத்து பைசா செலவில்லை. அந்தப் பக்கம் நம்பர் பதிவாகும், பதிலுக்கு ஒரு எஸ்எம்எஸ்ஸோ குரல் செய்தியோ வரும். மெஜஸ்டிக்கில் வைத்த போர்டுக்கு ஒரு நம்பர், பேப்பர் விளம்பரத்துக்கு இன்னொரு நம்பர், டிவிக்கு மூன்றாவது நம்பர் என்று வைத்தால், சாயங்காலம் எந்த விளம்பரம் எத்தனை பேரை அசைத்தது என்ற கணக்கு கையில். ஹாப்கின்ஸின் கூப்பன்தான், கத்தரிக்கோலும் தபால்தலையும் இல்லாமல்.

இன்டர்நெட் பக்கமே வராத கோடிக்கணக்கான சாதா ஃபோன்காரர்களையும் எண்ண முடிந்தது என்பது இதன் பெரிய பலம். 2015 ஜனவரியில் ஜிப்டயலை ட்விட்டர் வாங்கியது. 2016 செப்டம்பரில் ட்விட்டர் தன்னுடைய பெங்களூர் பொறியியல் பிரிவை மூடிவிட்டது. அதற்குள் காலமும் மாறிவிட்டது. டேட்டாவும் ஃபோனும் மலிவாகி, எண்ணும் வேலை ஃபோனுக்குள்ளேயே போய்விட்டது.

இரண்டாவது காட்சிக்கு மூன்று வருஷம் பின்னால் போக வேண்டும். 2007ல் மும்பையில் நவீன் திவாரி, அபய் சிங்கல், அமித் குப்தா, மோஹித் சக்சேனா என்ற நால்வர் எம்கோஜ் என்று ஒரு சேவை ஆரம்பித்தார்கள். எஸ்எம்எஸ் அனுப்பினால் பக்கத்தில் இருக்கும் கடை, சலுகை எல்லாம் தேடிச் சொல்லும். அது ஓடவில்லை. சரி, மொபைலில் விளம்பரம் காட்டுகிற நெட்வொர்க்காக மாறுவோம் என்று மாறி, பெங்களூருக்குக் குடிவந்து, 2009ல் இன்மொபி என்று பெயரும் மாற்றிக்கொண்டார்கள். 2011ல் ஜப்பானின் சாஃப்ட்பேங்க் இதில் 20 கோடி டாலர் போடுவதாக அறிவித்தபோது, பெங்களூரில் பொட்டி தட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார்கள். வெளிநாட்டுக்காரனுக்கு ஆணி பிடுங்குகிற ஊர் என்றே பேர் வாங்கியிருந்த ஊரில் இருந்து, கூகுளோடு நேருக்கு நேர் மோதுகிற ஒரு கம்பெனி. (கூகுள் இந்தத் தொழிலுக்காகவே ஆட்மாப் என்ற கம்பெனியை 75 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக 2009ல் அறிவித்திருந்தது.)

இங்கேதான் எண்ணும் சிக்கல் வந்து உட்கார்ந்தது. ஒரு வெப்சைட் விளம்பரத்தைக் கிளிக் செய்தால் நேராக அந்த சைட்டுக்குப் போவோம், குக்கி என்ற சீட்டு கூடவே வரும். ஆப் விளம்பரம் அப்படி இல்லை. கிளிக் செய்தால் நடுவில் ஆப் ஸ்டோர் என்று ஒரு பெரிய கோட்டை வாசல். அதற்குள் நுழைந்து இன்ஸ்டால் செய்து மறுபக்கம் வெளியே வரும்போது, இவர் எந்த விளம்பரம் வழியாக வந்தார் என்ற சீட்டு தொலைந்துவிடும். ஆண்ட்ராய்டில் ஸ்டோர் வழியாக ஒரு சீட்டைக் கடத்த வழி இருந்தது. ஐபோனில் அதுவும் இல்லை.

அதனால் ஃபோனையே அடையாளம் பிடித்தார்கள். விளம்பரத்தைத் தொட்ட ஃபோனின் எண்ணைக் குறித்துக்கொள். புது ஆப்பை முதல் தடவை திறந்த ஃபோனின் எண்ணையும் குறித்துக்கொள். இரண்டும் ஒன்றானால் அந்த விளம்பரத்துக்குப் பேர். இந்த ஒப்பிடும் வேலைக்கென்றே கம்பெனிகள் முளைத்தன. சியாட்டிலில் ஹேஸ்ஆஃபர்ஸ் (பிறகு ட்யூன் என்று பேர் மாறியது), 2011ல் இஸ்ரேலில் ஆப்ஸ்ஃப்ளையர், அதே வருஷம் அமெரிக்காவின் ஐடஹோவில் கோச்சாவா, 2012ல் பெர்லினில் அட்ஜஸ்ட். ஆப் எழுதுகிறவர் இவர்கள் தரும் எஸ்டிகே என்ற ஒரு துண்டு நிரலைத் தன் ஆப்புக்குள் ஒட்ட வேண்டும். அது உள்ளே உட்கார்ந்து இன்ஸ்டால், லாகின், முதல் ஆர்டர், பணம் கட்டியது என்று ஒவ்வொன்றையும் மேலே சொல்லும். மார்க்கெட்டிங் ஆசாமி காலையில் காபியோடு டேஷ்போர்டைத் திறந்து எந்த நெட்வொர்க்குக்கு எவ்வளவு என்று பார்ப்பார்.

இவர்கள் ஏன் தேவைப்பட்டார்கள் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. போன வாரம் ஒரு ஆப்புக்கு 1,000 இன்ஸ்டால். ஃபேஸ்புக் 600 நான் அனுப்பியது என்கிறது, கூகுள் 500 என்கிறது, மூன்றாவது நெட்வொர்க் 400 என்கிறது. கூட்டினால் 1,500! ஒரே ஆள் மூன்று இடத்தில் விளம்பரம் பார்த்திருப்பார், மூன்று பேரும் பில் போடுவார்கள். அப்போது ஏபிசி மாதிரி நடுவில் ஒருவர் வேண்டும். அவர் வைத்த சட்டம், கடைசியாகக் கிளிக் வாங்கியவருக்கே முழுப் பேரும் என்பது. பெங்களூரில் வீடு தேடியவர்களுக்கு இந்தச் சட்டம் பழக்கமானதுதான். நாலு புரோக்கர் பின்னால் நாற்பது வீடு ஏறி இறங்கியிருப்போம். கடைசியில் சாவி வாங்கிக் கொடுத்தவருக்குத்தான் ஒரு மாச வாடகை கமிஷன். கொளுத்தும் வெயிலில் ஏரியாவையே சுற்றிக் காட்டின முதல் ஆளுக்கு ஒரு டீ கூடக் கிடையாது.

மூன்றாவது காட்சி பெங்களூரின் பைத்தியக்கார வருஷங்கள், 2014 முதல் 2016 வரை. ஃப்ளிப்கார்ட் 2014 அக்டோபர் 6ம் தேதி பிக் பில்லியன் டே நடத்தியது. அந்த வருஷம் அவர்கள் வாங்கிய மிந்த்ரா, 2015 மே மாதம் வெப்சைட்டையே மூடிவிட்டு இனி ஆப் மட்டும்தான் என்றது. டாக்ஸிக்கு ஆப், சாப்பாட்டுக்கு ஆப், மளிகைக்கு ஆப். முதலீட்டாளர் கேட்பது ஒரே நம்பர், எத்தனை இன்ஸ்டால்? ஒரு இன்ஸ்டாலுக்கு இவ்வளவு விலை என்று பேரம். அந்த விலைக்கு ஆங்கிலச் சுருக்கம் சிபிஐ. தமிழில் எழுதும்போது துப்பறியும் துறையும் சிபிஐ, கம்யூனிஸ்ட் கட்சியும் சிபிஐ, இன்ஸ்டால் விலையும் சிபிஐ என்று ஆகிவிடுகிறது. மூன்றாவதுக்குத்தான் அந்த வருஷங்களில் பெங்களூரில் மவுசு.

எதை அளக்கிறார்களோ அதைத்தானே கொண்டுவந்து கொட்டுவார்கள்? ஆப்பை இன்ஸ்டால் செய்தால் உங்கள் ஃபோனுக்கு டாக்டைம் இலவசம் என்று எம்சென்ட், லடூ மாதிரி ஆப்கள் வந்தன. காலேஜ் பையன்கள் வரிசையாக இன்ஸ்டால் செய்து, ரீசார்ஜ் வாங்கிக்கொண்டு, சாயங்காலமே டெலீட் செய்தார்கள். பையன்கள் மேல் தப்பு சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒரு ஆப்பைத் திறந்து மூட ஒருவன் காசு தருகிறான் என்றால் யார் வேண்டாம் என்பார்? டேஷ்போர்டில் மட்டும் கோடு மேலே மேலே போனது. பிறகுதான் ஏழாவது நாள் எத்தனை பேர் மிச்சம், முப்பதாவது நாள் எத்தனை பேர், முதல் ஆர்டர் போட்டவர் எத்தனை பேர் என்று கேட்க ஆரம்பித்தார்கள். வந்தவரைத் தக்கவைப்பதைக் கவனிக்கவே பெங்களூரில் 2014ல் மோஎன்கேஜ் போன்ற கம்பெனிகள் தோன்றின. மிந்த்ரா 2016 ஜூன் 1ம் தேதி வெப்சைட்டைத் திரும்பத் திறந்தது. தாய்க் கம்பெனி ஃப்ளிப்கார்ட், மூடிய மொபைல் சைட்டை அதற்கு முன்பே 2015 நவம்பரில் வேறு வடிவில் கொண்டுவந்துவிட்டது.

பையன்களாவது நிஜமான ஆட்கள். அடுத்து வந்தது ஆளே இல்லாத கிளிக். கடைசி கிளிக்குக்குத்தான் பேர் என்று சட்டம் வைத்தால், திருடனுக்கு ஆளைக் கூட்டிவரும் வேலையே இல்லை. கடைசியில் வந்து நின்றால் போதும். ஒரு வகைத் திருடன், ஒரு டார்ச் லைட் ஆப்பை எழுதி லட்சம் ஃபோனில் ஏற்றிவிட்டு, அத்தனை ஃபோனில் இருந்தும் பின்னணியில் பொய்க் கிளிக்குகளாக அனுப்பிக்கொண்டே இருப்பான். அந்த லட்சத்தில் எவராவது தானாகவே ஊபர் ஆப்பை இறக்கினால், "நேற்று என் விளம்பரத்தைத் தொட்டார், நான்தான் அனுப்பினேன்" என்று காசு கேட்பான். இன்னொரு வகை இதைவிட நுணுக்கம். ஆண்ட்ராய்டில் புது ஆப் ஒன்று ஏறும்போது மற்ற ஆப்களுக்கும் ஒரு அறிவிப்புப் போகும். அது காதில் விழுந்த அந்த நொடியில், புது ஆப்பை நீங்கள் திறப்பதற்கு முன், ஒரு கிளிக்கை நடுவில் சொருகிவிடுவான். கல்யாண மண்டப வாசலில் நின்றுகொண்டு, உள்ளே போகிற ஒவ்வொருவரையும் நான்தான் அழைத்து வந்தேன் என்பது போல. கூகுள் 2017 நவம்பரில், ஸ்டோரில் கிளிக் விழுந்த நேரத்தையும் டவுன்லோடு தொடங்கிய நேரத்தையும் சேர்த்துச் சொல்லும் ஒரு வசதியைத் திறந்துவிட்ட பிறகு இந்த இரண்டாம் வகை பிடிபட ஆரம்பித்தது. டவுன்லோடு தொடங்கிய பிறகு கிளிக் வந்தால் கள்ளக் கிளிக்.

இதில் எவ்வளவு பணம் போயிருக்கும்? ஊபரில் விளம்பரச் செலவைக் கவனித்த கெவின் ஃப்ரிஷ் பிற்பாடு வெளிப்படையாகவே சொன்னார். ஆப் இன்ஸ்டாலுக்காக அவர்கள் ஒதுக்கிய சுமார் 15 கோடி டாலரில் 10 கோடியை நிறுத்திப் பார்த்தார்களாம். வந்து சேர்கிற ஆட்களின் எண்ணிக்கையில் மாற்றமே இல்லையாம்! டேஷ்போர்டு முழுக்கப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தபோது நடந்தது இது. 2017ல் ஊபர் தன் விளம்பர ஏஜென்சி ஒன்றின் மேல் வழக்கே போட்டது. என்னைக் கேட்டால் இத்தனை வருஷ மென்பொருளிலும் நம்பத்தகுந்த அளவுகோல் அவர் செய்ததுதான். நிறுத்திப் பார். எதுவும் குறையாவிட்டால் அந்தக் காசு வேலை செய்யவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் கம்பெனிக்கும் கம்பெனிக்கும் நடந்த சண்டை. நமக்கென்ன என்று இருக்கலாம். நாலாவது காட்சியில் நம் வீட்டுக்குள் வருகிறது.

2016 ஜூன் 22. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், பெங்களூரின் பெருமையான அதே இன்மொபி மேல் ஒரு புகாரையும் உடன்படிக்கையையும் வெளியிட்டது. தங்கள் நெட்வொர்க் நூறு கோடிக்கும் மேற்பட்ட சாதனங்களை எட்டுகிறது என்று அந்தக் கம்பெனியே சொல்லிவந்த காலம். குற்றச்சாட்டு என்னவென்றால், இருப்பிடம் தெரிய அனுமதி இல்லை என்று சொன்னவர்களையும் அது பின்தொடர்ந்தது என்பது. எப்படி? அனுமதி கொடுத்த ஃபோன்களில் இருந்து, எந்த வைஃபை பெட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் சேர்த்தார்கள். அனுமதி கொடுக்காத ஃபோன் எந்த வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டார்கள். நீங்கள் விலாசம் சொல்லாவிட்டால் என்ன, பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிட்டாரே! ஒருவர் இரண்டு மாதம் வரை எங்கெங்கே போனார் என்பதை வைத்து விளம்பரம் காட்டும் வசதியும் அவர்கள் விற்ற சரக்கில் இருந்தது.

இன்னும் மோசமானது, குழந்தைகளுக்கான ஆப்களிலும் இதே வேலை நடந்தது. அமெரிக்கச் சட்டப்படி 13 வயதுக்குக் கீழே பெற்றோரின் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. குழந்தை ஆப்களை விலக்கி வைக்கும் ஏற்பாடு ஒரு தொழில்நுட்பத் தவறால் சரியாக அமலாகவில்லை என்றது கம்பெனி. 40 லட்சம் டாலர் அபராதம், கம்பெனியின் பண நிலையைப் பார்த்து 9.5 லட்சம் டாலராகக் குறைக்கப்பட்டது. கூடவே 20 வருஷத்துக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை வெளித் தணிக்கை.

இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். டல்லாஸிலோ நியூஜெர்சியிலோ ஒரு தமிழ்க் குழந்தை காரின் பின் சீட்டில் விளையாடிய ஏதோ பலூன் உடைக்கும் ஆப், அவள் அப்பாவோடு படித்தவரே பெங்களூரில் உட்கார்ந்து எழுதிய சர்வருக்கு, அவள் எங்கே இருக்கிறாள் என்று சொல்லியிருக்கக் கூடும். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லாமல் இருக்கலாம். எண்ணிக்கை சரியாக வர வேண்டும் என்ற ஒரே கவலைதான். இந்த ஆளை அனுப்பினது யாரு என்ற கேள்வி, இந்த ஆள் யாரு, இப்போ எங்கே இருக்காரு என்ற கேள்வியாக மாற அதிக நாள் ஆகவில்லை.

அதே ஊரில்தான், வயதான ஒரு மனிதர் எதிர்த் திசையில் நடந்துகொண்டிருந்தார். கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற கே.எஸ்.புட்டசாமி. 2012ல், 86 வயதில், ஆதாரை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24ம் தேதி ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். விளம்பர ஐடிக்கும் அந்த வழக்குக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லைதான். ஆனால் 2023ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தத் தீர்ப்பின் வழியில் வந்தது. குழந்தைகளைப் பின்தொடர்வதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது என்று அதில் ஒரு பிரிவு இருக்கிறது. புட்டசாமி 2024 அக்டோபரில், 98 வயதில் காலமானார்.

ஃபோன் செய்கிறவர்கள் சும்மா இருக்கவில்லை. மாற்றவே முடியாத ஃபோன் எண்ணைப் பயன்படுத்தும் ஆப்களை ஆப்பிள் 2013 மே முதல் ஏற்க மறுத்தது. அதற்குப் பதிலாக, வேண்டும்போது மாற்றிக்கொள்ளக்கூடிய விளம்பர ஐடி வந்தது. பிறகு 2021 ஏப்ரல் 26ம் தேதி, இந்த ஆப் உங்களைப் பின்தொடரலாமா என்று ஒவ்வொரு ஆப்பும் உங்களிடமே கேட்க வேண்டும் என்று ஐபோனில் கொண்டுவந்தார்கள். கேட்டால் யார் சரி என்பார்? இதனால் 2022ல் மட்டும் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் போகும் என்று ஃபேஸ்புக்கின் தாய்க் கம்பெனி மெட்டா சொன்னது. ஆளைச் சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும், அதுவும் வேண்டுமென்றே ஒரு நாளுக்கு மேல் தாமதித்துச் சொல்லும் ஒரு முறையை ஆப்பிள் 2018லேயே தயாராக வைத்திருந்தது. நல்ல காரியம்தான். ஆனால் எண்ணுகிற வேலை நடுவரிடம் இருந்து ஸ்டோர்க்காரர் கைக்குப் போய்விட்டது. ஆப்பிளும் விளம்பரம் விற்கிறது, கூகுளுக்கு அதுதான் தொழிலே. ஏபிசியை உருவாக்கியவர்கள் 1948ல் தவிர்க்க நினைத்த இடத்துக்கே சுற்றி வந்திருக்கிறோம்.

இந்தியாவில் பெரும்பாலான ஃபோன்கள் ஆண்ட்ராய்டு. அதில் எல்லா ஆப்புக்கும் சேர்த்து அந்த ஐடியை நாமேதான் தேடிப் போய் நீக்க வேண்டும். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அப்பா அம்மா ஃபோனை வாங்கி, அமைப்புகளில் கூகுள், அதற்குள் விளம்பரங்கள் என்று போய்ப் பாருங்கள். விளம்பர ஐடியை நீக்கு என்று ஒரு வரி இருக்கும் (சில ஃபோன்களில் இன்னும் இரண்டு படி உள்ளே). விளம்பரம் வருவது நிற்காது. ஆனால் அதற்கப்புறம் எந்த ஆப் வந்து "இது யார் ஃபோன்?" என்று அந்த ஐடியைக் கேட்டாலும், பதிலாக வரிசையாக 32 பூஜ்யம்தான் போகும்.